தேதி போடாத ராஜினாமா

கேட்டுதா, லூர்துசாமி? டங்குனு ஒரு சத்தம்? வெளிவாசல் தாப்பாள்தான். பயப்படாதீங்க, எங்க கட்சிக்காரங்க. நாளைக்குச் சட்டசபையில ஓட்டெடுப்பு முடியற வரைக்கும் இந்த மாம்பலம் வீட்டை விட்டு நான் நகரக் கூடாதாம். எம்.எல்.ஏ.வுக்குக் காவல்! உங்களை எப்படி உள்ள விட்டாங்க? மீன் குடுக்க வந்தேன்னீங்களா? சைவ வீட்டுக்கு மீனு, அதையும் நம்பிட்டானுங்க. இந்த ஆளுங்களை வச்சுகிட்டுத்தான் நாங்க ராஜ்யம் நடத்தறோம்.

உட்காருங்க. தேய்ச்சுகிட்டே பேசறேன், பெட்டியில கரி ஆறிடும். பட்டாளத்துப் பழக்கம், என் சட்டையை இன்னொருத்தர் தேய்க்க விடமாட்டேன்.

நீங்க எதுக்கு வந்தீங்கன்னு தெரியும். குப்பத்து நிலத்தை எடுக்கிற மசோதாவுக்கு எதிரா நான் கை தூக்கணும். அடையாறு முகத்துவாரத்துல இருநூறு குடிசை, அத்தனை ஓட்டும் எனக்குத்தான் விழுந்துது. மறக்கலைய்யா. உங்க சம்சாரம் தேசம்மா மைக்கைப் பிடிச்சு, கேப்டன் பேச்சு மாற மாட்டாருன்னு சொன்னாங்களே, அது இன்னும் காதுல கீது. உங்க பாஷையிலயே சொல்றேன்.

ஆனா ஒரு லெட்டர் இருக்கு. எழுபத்தொண்ணுல ஜெயிச்சதும் தலைமை எங்க எல்லார்கிட்டயும் எழுதி வாங்குச்சு. பதவியை ராஜினாமா செய்கிறேன், கீழ கையெழுத்து. தேதி இருக்கிற இடம் மட்டும் காலி. நான் கட்சிக்கு எதிரா கை தூக்கினா அங்க தேதி விழும். சபாநாயகர் கைக்குப் போய்ச் சேரும். முடிஞ்சுது.

கோர்ட்டா? டைப் அடிச்ச காகிதமா இருந்தா, மிரட்டிக் கையெழுத்து வாங்கிட்டாங்கன்னு வாதாடலாம். அதுக்குத்தான் முழுசையும் அவனவன் சொந்தக் கையால எழுதணும்னு ஒரு வக்கீல் யோசனை சொன்னான். மத்தவங்க தயங்கக் கூடாதுன்னு முதல் ஆளா அவனே எழுதி நீட்டினான்.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? ஆமா, நான்தான். அறுபத்தஞ்சுல பாகிஸ்தான் சண்டையைப் பாத்துட்டு வந்தவன், வரிசையில ஒருத்தன்கூடக் கலையக் கூடாதுங்கற புத்தி. கலையப்போறவன் நானா இருப்பேன்னு தோணவே இல்லை.

பதவி போனா போவட்டும், கறுப்புக் கோட்டு இருக்கேன்னு சொல்றீங்க. சுலபமா சொல்லிட்டீங்க. ரங்கநாதன் தெருவுல எங்க அண்ணன் ஜவுளிக்கடை. எலக்ஷனுக்கு முன்னாடி, கேஸே வராத ஒரு வருஷம், அங்க ஸ்டூல்ல உட்கார்ந்து துண்டு மடிச்சேன். வர்றவன் எல்லாம், கேப்டன், பார்டர் பெருசா காட்டுங்கம்பான். சிரிங்க, பரவாயில்லை. அண்ணனும் சிரிச்சாரு. அந்த ஸ்டூலுக்கு நான் திரும்பிப் போக மாட்டேன்.

சரி, எதிரா வேணாம், வாயை மூடிகிட்டு உட்கார்ந்தாவது இருங்கன்னு கேக்கறீங்க. நியாயம்தான். ஆனா உட்கார்ந்திருக்க முடியாது, லூர்துசாமி. மசோதாவை ஆதரிச்சு முதல்ல எழுந்து பேசப்போறதே நான்தான். குப்பத்து ஓட்டுல வந்தவன் சொன்னா எடுபடுமாம். பேச்சு எழுதி முடிச்சுட்டேன், நாலு பக்கம்.

கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்றீங்களா? வெளிச்சம் மறைக்குது. காலர் ஒண்ணுதான் பாக்கி.