சின்னதுரையின் வால்முடி

தேத்தண்ணி நன்றாக இருக்கிறது, டொக்டர். கொழுந்து பறிக்கிற எங்களுக்கு வாய்ப்பதெல்லாம் கடைசித் தூள்தான். நீங்களும் உட்காருங்கள். நின்றபடியே முறைத்தால் எனக்குச் சொல்ல வராது.

சின்னதுரை என் காளை. தோட்டத்தில் சின்னதுரை என்றால் பெரிய துரைக்கு அடுத்த அதிகாரி. என் காளையும் காலையில் மலையைச் சுற்றி வரும், எல்லாரையும் முறைக்கும், ஒரு வேலையும் செய்யாது. வேறு என்ன பெயர் வைப்பது? எனக்கும் நாகலெட்சுமிக்கும் பிள்ளை இல்லை. அவனைத்தான் பிள்ளையாக வளர்த்தோம். நாங்கள் ரொட்டியோடு படுத்த நாளிலும் அவனுக்குப் புண்ணாக்கு உண்டு.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பரா அழகம்மாவுக்கும் ஒரு காளை, கறுப்பன். விலா எலும்பு வெளியே தெரியும். ஆனால் நல்ல குணம். அழகம்மாவும் அப்படித்தான். போன மழைக்கு நான் வழுக்கி விழுந்து படுத்தபோது சின்னதுரைக்கும் சேர்த்துப் புல் அறுத்துப் போட்டவள் அவள்தான்.

காளைகள் இளந்தேயிலையை மிதிக்கின்றன, லயத்தில் ஒன்றும் இருக்கக் கூடாது என்று நிர்வாகம் சொன்னது. உங்கள் மாட்டுப் பண்ணை அவற்றை எடுத்துக்கொண்டது. வால்முடியை வேரோடு பிடுங்கிப் பார்த்தால், எந்தக் காளையின் இறைச்சி மிருதுவாக இருக்கும், எதில் கொழுப்பு ஊடே பரவும் என்று மரபணுவே காட்டிக்கொடுத்துவிடும், அறுத்துப் பார்க்கத் தேவையில்லை என்றீர்கள். சிலது பண்ணையில் நிற்கும், மற்றது இறைச்சிக்குப் போகும் என்றும் சொன்னீர்கள். எது நிற்கும், எது போகும் என்று நான் கேட்கவில்லை. இறைச்சி நல்லதென்றால் இறைச்சிக்கு, மட்டமென்றால் பிழைக்கும். மாட்டிறைச்சியை வாயில் வைக்காத மனிதனுக்கு வேறு எப்படித் தோன்றும்?

முடி எடுக்கிற அன்று மாரியம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தேன். வெள்ளைப் பூ வந்தால் செய், சிவப்பு வந்தால் விடு. சிவப்பு வந்தது. காலை நேரம், ஆத்தா இன்னும் சரியாக விழிக்கவில்லை என்று மறுபடி கேட்டேன். அதற்கும் சிவப்பு. வெள்ளை வரும்வரை பொறுமையாகக் கேட்டேன். அவள் உத்தரவில்லாமல் நான் எதையும் செய்பவனில்லை.

உதைக்குப் பயந்து உங்கள் ஆட்கள் யாரும் காளைக்குப் பின்னால் வரவில்லை. முடி பிடுங்கியது நான். கவரில் பெயர் எழுதியது நீங்கள், முடியைப் போட்டது நான். சின்னதுரையின் முடி கறுப்பனின் கவருக்குள் போனது, கறுப்பனின் முடி சின்னதுரையின் கவருக்குள். அப்போது அழகம்மா பக்கத்தில் நின்று, வலிக்காமல் இருக்க கறுப்பனின் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தாள். பாவமாகத்தான் இருந்தது.

முடிவு வந்ததும் சர்க்கரைப் பொங்கலோடு ஓடிவந்தாள்.

"அண்ணே, எங்க கறுப்பனோட மரபணுவுல நல்ல குறி இருக்காம். பசுக்களோட சேக்குறதுக்குப் பண்ணையிலயே வச்சுக்கிறாங்களாம். ஒங்க கைராசிண்ணே, நீங்க புடுங்குன முடிதானே."

பொங்கலைச் சாப்பிட்டேன். நல்ல குறியுள்ள காளையை யாரும் அறுப்பதில்லை, அதன் வம்சம்தான் வேண்டும் என்பதை ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருக்கலாம் நீங்கள். படித்தவர்கள் செய்கிற பிழை இது. இப்போது கறுப்பன் வைக்கோல் மெத்தையில் படுத்திருக்கிறான். என் பிள்ளை நாளைக் காலை லொறியில் ஏறப்போகிறான்.

அதனால்தான் மனச்சாட்சி உறுத்தி வந்தேன். உண்மையை மறைத்து வாழ என்னால் முடியாது. என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள், சின்னதுரையை மட்டும் அவனுக்குரிய இடத்தில் கட்டுங்கள்.

"அப்ப அழகம்மான்ர மாடு என்னாகும் எண்டு தெரியுமோ உங்களுக்கு?" என்று கேட்கிறீர்கள்.

தெரியும், டொக்டர். அதைப் பற்றியும் யோசித்துவிட்டுத்தான் வந்தேன். லொறியை லயத்துப் பக்கம் விடாமல் வட்டகொடைப் பாதையால் அனுப்பச் சொல்லுங்கள். அழகம்மா பார்த்தால் தாங்கமாட்டாள். அவளுக்கும் என்னைப் போலவே இளகிய மனம்.