குடுவையின் கழுத்து

— மணி நாலே கால் ஆச்சு, மரிக்ரூஸ். ஏப்ரனைக் கழட்டிட்டுப் பின்வாசல் வழியா வீட்டுக்குப் போ.

— வகுப்பு அஞ்சரை வரைக்கும்தானே, டீச்சர்?

— இன்னைக்கு இல்ல. மத்தவங்களையும் கூட்டிட்டுப் போ. ஓடாத. நட.

— வெளிய வெள்ளை வண்டி நிக்குதே, அதனாலயா?

— போன்னா போ.

— பசங்களை ஏன் விரட்டுறீங்க, டீச்சரம்மா? தப்பா எடுத்துக்காதீங்க, கதவு தெறந்திருந்துச்சு, வந்துட்டேன்.

— உலைச் சூடு தாங்கல, தோன் ப்ராவுலியோ. அனுப்பிட்டேன்.

— போன வாரம் இதைவிடச் சூடு. அன்னைக்கு அனுப்பலையே. இந்தாங்க, சோளத் தெஹுய்னோ, குடிங்க. எலுமிச்சம்பழம் ரெண்டு தடவை பிழியச் சொன்னேன்.

— வேணாம்.

— ஐஸ் கரையுது.

— கரையட்டும்.

— என்மேல என்ன கோவம்? இந்தப் பேட்டையில பிள்ளைங்க தெருவுல நிக்காம கண்ணாடி ஊதிட்டு இருக்குதுன்னா அது உங்களால. என் ஆளுங்ககிட்டயே சொல்லிருக்கேன், டீச்சரம்மா பட்டறை வாசல்ல ஒருத்தனும் நிக்கக் கூடாதுன்னு.

— எலியாசரை அந்த வாசல்லதான் வண்டியில ஏத்துனீங்க. குழாய் ஒட்டத் தெரிஞ்ச பையன் வேணும்னு. அவன் அம்மா இன்னமும் கம்பம் கம்பமா, காணோம்னு அவன் ஃபோட்டோவை ஒட்டிட்டிருக்கா.

— அது வேற கதை.

— அவளுக்கு அது ஒண்ணுதான் கதை. என்ன வேணும் உங்களுக்கு?

— ஒரு சாமானைப் பாத்துச் சொல்லணும். கையில வாங்காதீங்க, நானே பிடிச்சுக்கறேன். துணியைக் கொஞ்சமா விலக்கறேன், கழுத்தை மட்டும் பாருங்க.

— குடுவை.

— குடுவைதான். அதுல என்ன காய்ச்சுறோம்னு நீங்க கேக்க மாட்டீங்க. கழுத்து உடைஞ்சு போயி, இங்க குடுத்து ஒட்டிட்டு வந்தான் எங்காளு. ஒட்டுன எடமே தெரியல, பாருங்களேன்.

— எனக்குத் தெரியுது.

— உங்களுக்குத் தெரியும்னுதானே வந்தேன். எங்காளு ஒரு கழுதை. யார்கிட்டடா குடுத்தன்னு கேட்டா, ஏப்ரன், கறுப்புக் கண்ணாடி, கையுறை, அவ்வளவுதான் தெரிஞ்சுதுங்கறான்.

— இங்க பதினோரு பேரும் அப்படித்தான் நிப்பாங்க. நானும் அப்படித்தான்.

— ஆனா ஒரு ஒட்டைப் பாத்தா யார் கைன்னு சொல்லிடுவீங்களாமே.

— பசங்க ஆயிரம் பேசுவாங்க.

— இப்பப் பின்பக்கமாப் போச்சே, அந்தப் பொண்ணு. திருவிழாக் கடையில அது செஞ்ச கண்ணாடிச் சிட்டுக்குருவியைப் பாத்தேன். மூக்கு ஊசி மாதிரி. இது அவ கைதானே?

— மரிக்ரூஸா? பாட்டிலை நேரா அறுக்கச் சொன்னா கோணலா அறுப்பா. அந்தச் சிட்டு மூக்கு நான் வச்சது. பாவம், அவ பேரு போட்டுக்கட்டும்னு விட்டேன்.

— அப்ப இது?

— நான்.

— நீங்களா?

— இங்க வேற யாருக்கு வரும்? சுடர்ல ரெண்டு பக்கமும் ஒரே வேகத்துல உருட்டணும். அரை நொடி பிசகினா கழுத்து முறுக்கிக்கும். பதினாறு வயசுக்கு அந்த நிதானம் வராது.

— எங்க சாமானைத் தொட மாட்டேன்னு என் மூஞ்சிக்கு நேராச் சொன்னவங்க நீங்க.

— யார் சாமான்னு கேக்கல. வந்துச்சு, ஒட்டினேன். இனிமே எதுவா இருந்தாலும் என்கிட்ட வாங்க. எலியாசரைக் கூட்டிட்டுப் போன எடத்துக்கு வேணும்னாலும் நான் வரேன். எங்க பசங்க பக்கம் திரும்பாதீங்க.

— ஓ. ஆள் பிடிக்க வந்திருக்கேன்னு நெனச்சுட்டீங்களா?

— வேற எதுக்கு வருவீங்க?

— தப்பா எடுத்துக்காதீங்க, எனக்கு இந்தத் தொழில் தெரியாது. ஒட்டினதும் ஆற வைக்கணுமாமே?

— ஆறுற உலையில ஒரு ராத்திரி பூரா. அவசரப்பட்டு எடுத்தா மேல ஆறியிருக்கும், உள்ள ஆறியிருக்காது. பாக்க அழகாத்தான் இருக்கும், சூடு பட்டா வெடிக்கும். என் கையிலேர்ந்து ஆறாம ஒரு பாசிமணிகூட வெளிய போனதில்ல.

— திங்கக்கிழமை ஒரு மணிக்குக் குடுத்தான். மூணு மணிக்கெல்லாம் திரும்பக் கொண்டு வந்துட்டான்.

— உங்காளு அவசரப்படுத்தியிருப்பான்.

— படுத்தினானாம். அவனை விசாரிச்சாச்சு. அவன் இனிமே யாரையும் அவசரப்படுத்த மாட்டான்.

— துணியை எடுங்க.

— எடுக்கறேன். இவ்வளவுதான் மிச்சம். ஒட்டு அப்படியே இருக்கு பாருங்க, ஒரு கீறல் இல்ல. அதுக்குக் கீழதான் ஒண்ணுமில்ல.

— கடவுளே.

— அடுப்புல வச்சுக் கால் மணி நேரம்கூட ஆகல. என் தம்பி குனிஞ்சு பாத்துட்டு இருந்தான். இருபத்திரெண்டு வயசு. நேத்துதான் அடக்கம் பண்ணோம், பெட்டியைத் தெறக்காமலே.

— தோன் ப்ராவுலியோ...

— எங்கம்மா ஒரு பேர் கேக்கறா. ஒரே ஒரு பேர். சொல்லுங்க டீச்சரம்மா, இது உங்க கைதானா?