ஏழாம் நம்பர் தொட்டி

பெத்துராஜ்: தவசி, நல்லாக் கேட்டுக்க. மூணு தலைமுறை ஏலக்காய்க் குடும்பத்தோட கௌரவம் இன்னைக்கு இந்தக் குச்சியிலதான் நிக்குது.

தவசி: ஊதுபத்திக் குச்சிங்க மொதலாளி. மூங்கில் சீவ நேரமில்ல.

பெத்துராஜ்: ஊதுபத்தியா! வாசம் வருதா?

தவசி: லேசா. மல்லிகை.

பெத்துராஜ்: கெடுத்த போ.

தவசி: செருப்புப் பூவுக்கு வாசமே கெடையாதுங்க. ஜட்ஜம்மா சந்தோசந்தான் படுவாக.

பெத்துராஜ்: செருப்புன்னு சொல்லாத. சிலிப்பர் ஆர்க்கிட்.

தவசி: நீங்கதானே மொதலாளி, பூவுல தொங்குற பை செருப்பு முனையாட்டம் இருக்குன்னு...

பெத்துராஜ்: அது எஸ்டேட்டுல சொன்னது. இது பிளான்டர்ஸ் கிளப்பு. பதினோரு வருசமா என் அப்ளிகேசன ஒத்தி வச்சுக்கிட்டிருக்காய்ங்க. போடி ஊரு மண்டிக்காரனுக்கு எதுக்குக் கிளப்புன்னு. இந்தப் பூக்கண்காட்சியில கப்பு வாங்கிட்டா அப்புறம் எவன் வேணாங்க முடியும்?

தவசி: கட்டு சரியா இருக்கான்னு பாருங்க. பூவுக்கு ஒரு வெரக்கடை கீழ. குச்சி நுனி பின்னாடி மறைஞ்சிருக்கு.

பெத்துராஜ்: சணலா?

தவசி: வாழைநாரு. சணலு போட்டா மூடை கட்டுன மாதிரி இருக்கும்.

பெத்துராஜ்: ம்... மொகம் கொஞ்சம் சாஞ்சிருக்கே. ஜட்ஜை நேராப் பாக்கணும். இப்பிடி...

தவசி: தொடாதீங்க!

பெத்துராஜ்: என் செடிய நான் தொடக்கூடாதா?

தவசி: கைச்சூடு ஆகாதுங்க.

பாக்கியம்: என்னங்க, ஜட்ஜம்மா அஞ்சாவது மேசைக்கு வந்தாச்சு. ஒவ்வொரு பூவுக்குள்ளயும் மூக்க விட்டுப் பாக்குறாக.

பெத்துராஜ்: வா பாக்கியம். இப்பிடி மண்டிக்காரன் பொண்டாட்டி மாதிரி நிக்காத. எஸ்டேட் ஓனரம்மா மாதிரி நில்லு.

பாக்கியம்: அது எப்பிடி நிக்கணும்?

பெத்துராஜ்: கால் வலிக்காத மாதிரி.

பாக்கியம்: ஆமா, சொல்லிட்டாரு. நோட்டீசப் படிச்சீங்களா? "இலைகள் துடைக்கப்பட்டிருத்தல் வேண்டும்"னு போட்டிருக்கு. இங்க ஒரே தூசி. ஈரத்துணி கொண்டா தவசி.

பெத்துராஜ்: தண்ணி வேணாம்!

தவசி: ஆட்டாதீகம்மா!

பாக்கியம்: ரெண்டு பேரும் ஏன் இப்பிடிப் பதறுறீக? முந்தானையிலயே தொடைக்கிறேன்... அய்யய்யோ, என்னங்க, சேலையெல்லாம் பச்சை!

பெத்துராஜ்: மெதுவாப் பேசு...

பாக்கியம்: இது நம்ம குடோன்ல காய்க்குப் பூசுற சாயம்ல?

பெத்துராஜ்: நேத்து ஜீப்புல இருந்து எறக்குனப்பத்தான் எலையப் பாத்தேன். திட்டுத் திட்டாத் தேமல். அப்பிடியே ஏலச்செடிக்கு வர்ற கட்டே நோயி. தேமல் கண்டா அன்னைக்கே புடுங்கி எரின்னு தோட்டத்துக்கே ஆர்டர் போட்டவன் நான். என் தொட்டியிலயே கட்டேன்னு நாலு பேரு பாத்தா, அப்புறம் ஏலத்துல எவன் என் காயைத் தொடுவான்? அதான் ரெண்டு பூச்சு...

தவசி: நானும் கட்டேன்னுதாங்க நெனச்சேன்.

பாக்கியம்: நல்லா நெனச்சீக ரெண்டு பேரும். இந்தா கேளுங்க. "இலையில் அமைந்த திட்டுக்கோலம், இருபத்தைந்து மதிப்பெண்." இந்த ரகத்துக்கு அதுதான் அழகாம்.

பெத்துராஜ்: நோயில்லையா?

பாக்கியம்: மார்க்கு.

பெத்துராஜ்: அப்ப தொடைச்சிரு! வெரசாத் தொடைச்சிரு!

தவசி: மெல்லம்மா... மெல்ல... நான் குச்சியப் புடிச்சுக்கிறேன்...

பாக்கியம்: அடடா... மலைப்பாம்புத் தோலு மாதிரில்ல இருக்கு.

பெத்துராஜ்: நான் அப்பவே சொன்னேன்ல?

பாக்கியம்: என்ன சொன்னீங்க?

பெத்துராஜ்: சொல்லியிருப்பேன். மூணு வருசம் பிள்ளை மாதிரி வளத்தவனுக்குத் தெரியாதா?

தவசி: பார்சல் போன மாசந்தானே வந்துச்சு மொதலாளி. காலிம்போங்குல இருந்து, மொட்டோட.

பெத்துராஜ்: ஒன்ட்ட ஜட்ஜம்மா கேட்டாகளா?

பாக்கியம்: ஆறாவது மேசைக்கு வந்துட்டாக. அடுத்தது நாமதான். இருங்க, அடியில பொடி எழுத்துல ஒண்ணு இருக்கு... "இருவருக்குச் சம மதிப்பெண் வந்தால், குச்சியை எடுத்த பின்னும் நிமிர்ந்து நிற்கும் பூவுக்கே பரிசு."

பெத்துராஜ்: அவுக கேட்டு நாம எடுக்குறதா? கேக்கறதுக்கு முந்தியே எடுத்துக் காட்டணும். அதுதான் கெத்து. தவசி, குச்சிய உருவு.

தவசி: நானா மொதலாளி?

பெத்துராஜ்: ஒன்னத்தான்.

தவசி: இருக்கட்டுங்களே. குச்சி அது பாட்டுக்கு ஒரு ஓரமா...

பெத்துராஜ்: போன வருசம் கப்பு வாங்குன பூவுக்குக் குச்சி இருந்துச்சா?

பாக்கியம்: இல்ல. காத்துல ஆடிக்கிட்டே நின்னுச்சு.

பெத்துராஜ்: கேட்டியா? நம்ம பூவும் ஆடட்டும். நகரு, நானே உருவுறேன்.

தவசி: கைய எடுங்க மொதலாளி! கும்புட்டுக் கேக்குறேன்...

பாக்கியம்: வந்துட்டாக! வணக்கம்மா... ஏழாம் நம்பரு எங்களுதுதான். எங்க வீட்டுக்காரரே தன் கையால வளத்தது.

பெத்துராஜ்: வணக்கம், வணக்கம். ஒரு நிமிசம்மா, குச்சிய மட்டும் எடுத்துர்றேன். டேய், கைய விடுறா... அவுக பாக்குறாக... அப்பிடி என்னதான்டா இருக்கு அந்தக் குச்சியில?

தவசி: வியாழக்கெழமை தேமலப் பாத்தேன். உங்க ஆர்டருப்படி புடுங்கிட்டேன். வேரை வெட்டி அடுப்புல போட்டதுக்கு அப்புறந்தான் பூவை எடுத்தாரச் சொல்லி ஜீப்பு வந்துச்சு. செடிக்கு வேரு இல்லீங்க மொதலாளி.