அவர் வந்தால் திறக்க

பேசாலையிலிருந்து மன்னாருக்குப் போகும் காலை பஸ். எனக்கு முன்சீட்டில் அக்காவும் தங்கச்சியும். தங்கச்சியின் மடியில் ஒரு பழைய லேப்டொப்.

"விண்டோஸை மாத்தினால் அவர் உள்ளுக்கு வரேலாதெல்லே, அக்கா?" என்றாள் அவள். நான் வாசிக்க எடுத்த பேப்பரை மடித்து வைத்தேன்.

"ஆர், உன்ர மனுசனோ? கடலுக்குப் போன ஆள் வந்து சேராமல் ஒண்டரை வருசமாச்சுதடி."

"பாஸ்வேர்ட் அவருக்கு மட்டும்தான் தெரியும். ஓன் பண்ணினால் அவற்ர பேர் வரும். அதோட நிண்டிடும்."

"உன்ர பிள்ளை இதில படிக்க வேணுமே. விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டால் பழைய மெசினும் நல்லா ஓடுமெண்டு கடைக்காரர் சொன்னவர்தானே."

"உள்ளுக்குக் கிடக்கிறதெல்லாம் அழிப்பினமாம்."

"படங்களை முதலே எடுத்துத் தருவினம். புதுசிலயும் அவற்ர பேரைப் போடலாம்."

"போடலாம். ஆனால் அவர் வந்து தன்ர பாஸ்வேர்டை அடிச்சால் திறக்காது."

அக்கா அவள் பக்கம் சாய்ந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "உடம்பு கிடைக்கேல்லயெண்டு, செத்தவைக்குக் குடுக்கிற முப்பத்தோராம் நாள் பூசையும் நீ ஒப்புக்குடுக்க விடேல்ல. இப்ப இதையும் மறிச்சால் பிள்ளை என்ன செய்யும்?"

பஸ் டவுனுக்குள் வந்தது. கொம்பியூட்டர் கடைக்கு முன்னால் பெல் அடித்துவிட்டு அக்கா எழும்பினாள். தங்கச்சி எழும்பவில்லை. லேப்டொப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அவருக்குப் பூசையை ஒப்புக்குடுப்பம், அக்கா," என்றாள். "இது இப்பிடியே கிடக்கட்டும்."