கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு ஆட்டம்

“கண்ணத் தொறக்காத. கறுப்பு யானை எங்க நிக்குது, சொல்லு.”

எழுபதுகளின் கடைசியில் ஒரு காலை, பொன்னேரியிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குப் போன ரயிலில், எதிர் இருக்கைப் பெண் தன் கணவரிடம் இப்படிக் கேட்டாள். அவள் கையில், பழைய உலக சாம்பியன் ஒருவர் ஆடிய செஸ் ஆட்டம், பத்திரிகையிலிருந்து வெட்டி எடுத்தது.

“முப்பத்தெட்டு மூவும் ஒப்பிச்சேன்ல?”

“வாய்ப்பாடு மாரி ஒப்பிக்கிற. யானை எங்கன்னா பேச்சக் காணோம்.”

“மூலையில.”

“அது பத்தொம்பதாவது மூவுலயே வெட்டுப்பட்டுப் போச்சு. ஒரு வாரமா உனக்குப் படிச்சுக் காட்டி, ஆடத் தெரியாத எனக்கே கண்ணுல நிக்குது.”

“ஃபோர்மேன் இதே மாரி ஆடுனா ஜெயிச்சிடுவேன்.”

“அவரு எதுக்குய்யா இதே மாரி ஆடணும்? மத்தியானம் கேன்டீன்ல கம்பெனியே வேடிக்க பாக்கப் போவுது. கண்ணக் கட்டிக்கினு ஆடுறேன்னு உன்ன யாரு சவால் உடச் சொன்னது?”

வண்டி கும்மிடிப்பூண்டியை நெருங்கியது. அவர் கண்ணைத் திறந்தார்.

“கண்ணு நோவுது, இன்னிக்கி வேணாம்னு சொல்லிடட்டா?”

“கண்ணக் கட்டிக்கினு ஆடுறவனுக்குக் கண்ணு நோவுனா இன்னாய்யா?”