அருட்பிரகாசத்தின் கராஜ் பிரிக்கப்படாது

தலைமை வகிக்கும் செபநாயகம் மாஸ்டர் அவர்களே, மேடையில் இருக்கும் என் கணவரின் தமையனார் பஞ்சலிங்கம் அத்தான் அவர்களே, இந்த வாசிகசாலைக்குள்ளும் இடமில்லாமல் வெளியே வேலியோரமும் நிற்கும் ஊர்ச் சனங்களே, எல்லோருக்கும் பூரணத்தின் வணக்கம்.

கீரிமலைக்குப் போகப் பாதை இல்லாததால் திருவடிநிலைக் கடற்கரையில் அந்தியேட்டி செய்துவிட்டு வந்திருக்கிறோம். சாம்பல் கரைத்த ஈரம் இன்னும் காயவில்லை, அதற்குள் புருஷனை இழந்தவள் சபை ஏறலாமா என்று முன்வரிசையில் யாரோ குசுகுசுத்தது என் காதில் விழுந்தது. ஏறிவிட்டேன். இறக்குவதென்றால் இனி நீங்கள்தான் வந்து இறக்கவேண்டும்.

இதுவரை பேசியவர்கள் எல்லோரும் "அமரர் அருட்பிரகாசம் அவர்கள்" என்றார்கள். நான் அந்தப் பெயரை வாயால் சொன்னதே இல்லை. "இவர்" என்பேன். கூப்பிடுவதென்றால் "இஞ்சாருங்கோ" என்பேன். பெயர் சொன்னால் புருஷனுக்கு ஆயுள் குறையும் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். குறைவதற்கு இனி என்ன இருக்கிறது? அருட்பிரகாசம். என் கணவர் அருட்பிரகாசம். துருப்பிடித்த வாகனங்களுக்கு உயிர் கொடுத்த அருட்பிரகாசம். இன்றைக்கு ஆசைதீரச் சொல்லப்போகிறேன்.

எனக்கு முதல் பேசிய அத்தான் தம்பியைப் புகழ்ந்தார். கண்ணீரும் விட்டார். பிறகு என்ன சொன்னார்? "தம்பி தங்கமானவன். ஆனா அவன் திருத்தி வைச்சிருந்த அந்த ஆமி வாகனங்களைப் பாத்துத்தான் பிளேன் எங்கடை ஊருக்கு வந்தது. வாற சனிக்கிழமை எல்லாரும் சேந்து கராஜைப் பிரிப்பம். கிடுகையும் பனங்குத்தியையும் பங்கருக்கு எடுப்பம், இரும்பை வெட்டிப்போடுவம், குழியையும் தூர்ப்பம்" என்றார். நீங்கள் ஒருவரும் கை தட்டவில்லை. ஆனால் தலையாட்டினீர்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு மனிதனைப் புகழ்ந்து வாய் மூடுவதற்குள் அவன் கட்டியதைப் பிரிக்க நாள் குறிக்கலாமா? அதற்குப் பதில் சொல்லத்தான் எழும்பி வந்தேன்.

அந்தக் கராஜ் எப்படி வந்தது என்று தெரியாத பெடியளும் இங்கே இருக்கிறார்கள். ஆகவே சொல்கிறேன்.

எண்பத்துமூன்றாம் ஆண்டு கொழும்பில் அவர் வேலை செய்த கராஜ் எரிந்தது. அகதிக் கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கினார். தோளில் ஒரு சாக்கு. உடுப்பாக்கும் என்று வாங்கிப் பார்த்தால் சாக்கு நிறைய ஸ்பனர். "உடுப்பை விட்டிட்டு இரும்பையோ காவிக்கொண்டு வந்தனீங்கள்?" என்று அழுதேன். "உடுப்பு ஆரும் தருவினம். ஸ்பனர் ஆர் தருவினம்?" என்றார். அவ்வளவுதான் அவர் அந்தக் கலவரத்தைப்பற்றிக் கதைத்தது. அதற்குப் பிறகு கதைக்கவில்லை, வேலை செய்தார்.

கரவெட்டியில் ஒரு வளவில் பழைய ஜீப் கிடக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனார். வெள்ளைக்காரர் பலாலியில் விமானத்தளம் போட்ட காலத்து ஜீப். உலகச் சண்டை முடிந்து ஏலத்தில் போனது, கை மாறிக் கை மாறிக் கடைசியில் கோழிக்கூடாகிவிட்டது. இவர் போன நேரம் சீற்றில் ஒரு கோழி அடை கிடந்தது. "கோழி எழும்புமட்டும் பொறும், தம்பி" என்றாராம் வளவுக்காரர். பொறுத்தார். குஞ்சு பொரித்த பிறகுதான் மாடு பூட்டி இழுத்து வந்தார். ஒழுங்கையே சிரித்தது. பத்மாவதி, நீ வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து என்ன கேட்டாய்? "பூரணமக்கா, அண்ணை ஆமியிலை சேரப்போறாரோ?" என்று கேட்டாய். "சேர்த்தால் போவன், பிள்ளை, சம்பளம் வரும்தானே" என்றார் அவர்.

நின்ற மாட்டுக்கொட்டிலைப் பெருப்பித்தோம். பனங்குத்தி நட்டோம், கிடுகு வேய்ந்தோம். மாமரத்துக் கொப்பில் சங்கிலி கட்டி எஞ்சினைத் தூக்க வழி செய்தார். வாகனத்துக்கு அடியில் நின்று வேலை செய்யக் குழி வேண்டுமே? எங்கள் மண்ணைப்பற்றி உங்களுக்குத் தெரியும், முழங்கால் ஆழம் வெட்டினால் கல். அவர் அலவாங்கால் உடைத்தார், நான் கடகத்தில் சுமந்து கொட்டினேன். அந்தக் குழியில் என் தலைச் சும்மாடு படாத கல் இல்லை. கொல்லர் யாகப்பு அண்ணை தன் உலையையும் துருத்தியையும் கொண்டுவந்து மூலையில் பூட்டினார். அவர் இரும்பைக் காய்ச்ச நான் துருத்தி இழுத்திருக்கிறேன். கராஜ் என்றால் அருட்பிரகாசம் கட்டியது என்று மட்டும் நினைக்காதீர்கள். அது நாங்கள் கட்டியது.

ஜீப்பை வெட்டிப் பின்னுக்குப் பெட்டி அடித்தால் சுன்னாகம் சந்தைக்கு வெங்காயம் ஏற்றலாம் என்று எத்தனை பேர் புத்தி சொன்னீர்கள்? அருட்பிரகாசம் கேட்டாரா? "அது எப்பிடி வந்துதோ அப்பிடித்தான் எழும்பவேணும்" என்றார். துருவைச் சுரண்டச் சுரண்ட அடியில் பழைய பச்சை தெரிந்தது. அந்தப் பச்சையைத்தான் பூசினார். ஏன் இந்தப் பிடிவாதம் என்று எனக்கும் விளங்கவில்லை. ஒருநாள் கேட்டேன். "என்ரை கராஜை எரிச்சவங்கள் ஒண்டும் மிஞ்சாது எண்டு நினைச்சாங்கள். முழுசா எழும்பி நிக்கிற ஒண்டை நான் பாக்கவேணும்" என்றார்.

தொண்ணூறாம் ஆண்டு சாமான் வருகிற பாதையைப் பூட்டினார்கள். கரண்ட் நின்றது. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை. ஊரில் இருந்த நல்ல கார் எல்லாம் வேலிக்குள் படுத்துவிட்டன. எது ஓடியது? கோழி அடைகிடந்த ஜீப் ஓடியது. ஊசிமருந்துப் போத்தலில் இருந்து துளித்துளியாகப் பெற்றோல் விட்டு, கைபிடியால் சுற்றிக் கிளப்பி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். புகை ஒழுங்கையை மூடும். மூக்கைப் பொத்திக்கொண்டு அந்த ஜீப்பில் ஏறாத வீடு இந்த ஊரில் உண்டா? பத்மாவதி, நீ நோவெடுத்து ஏறிய அன்று, "குலுக்காதேங்கோ அண்ணை" என்று கத்தினாய். "இது ஜப்பான்காரனோடை சண்டை பிடிக்க வந்தது, மெல்லப் போகத் தெரியாது பிள்ளை, நீ கொஞ்சம் பல்லைக் கடி" என்றார். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கினார். அந்தப் பிள்ளைதான் உன் மடியில் இருக்கிறது.

ஜீப்பைத் தரும்படி கேட்டும் சிலர் வந்தார்கள். யார் என்று உங்களுக்குத் தெரியும், நான் சொல்லத் தேவையில்லை. நான் பயத்தில் அடுப்படிக்குள் நின்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "தம்பியவை, இது ஒரு சண்டையை முடிச்சிட்டு வந்த வாகனம். இனிச் சண்டைக்குப் போகாது. வருத்தக்காரரை ஆஸ்பத்திரிக்கு ஏத்தப் போகும். உங்கடை வீட்டிலையும் வருத்தம் எண்டால் சொல்லியனுப்புங்கோ." வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

செல் அடித்த நாட்களில் நீங்கள் எல்லோரும் எங்கே ஓடி வந்தீர்கள்? அந்தக் குழிக்குள்தானே. மேலே ஜீப்பை இழுத்து விடுவார், கீழே நாங்கள் ஒடுங்கி இருப்போம். செபநாயகம் மாஸ்டர், உங்கள் வேட்டியில் கிறீஸ் பட்டதற்கு நீங்கள் முறைப்பட்டது நினைவிருக்கிறதா? "வெளியிலை போனா இரத்தம் படும், மாஸ்டர். எது தோய்க்கச் சுகம்?" என்று கேட்டார். அந்த நேரத்திலும் நீங்கள் சிரித்தீர்கள். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். இன்றைக்கு அந்தக் குழியைத் தூர்க்க நீங்களே தலைமை வகிக்கிறீர்கள்.

பயம் எனக்கு விளங்காமல் இல்லை. ஜீப்புக்குப் பிறகு லொறியும் வந்தது. அதுவும் அதே காலத்து லொறி. வருத்தக்காரரைப் படுக்கவைத்துக் கொண்டுபோகலாம் என்று தொடங்கினார். பச்சை வாகனம் இரண்டாகிவிட்டது, மேலே ஹெலி சுற்றுகிறது, பயம் வராதா? போன ஆவணியில் இதே மண்டபத்தில் கூடினீர்கள். வெள்ளை பூசு என்றீர்கள். எங்கே பெயின்ற்? கடையில் ஒரு பேணிகூட இல்லை. அப்படியென்றால் பகலில் கராஜைப் பூட்டு என்றீர்கள். அருட்பிரகாசம் சண்டை பிடித்தாரா? இல்லை. வீட்டுக்கு வந்து, "ஊர் பயப்படுது, பூரணம். கொஞ்சநாள் பூட்டி வைப்பம்" என்றார். ஓலை வெட்டி வாகனங்களை மூடினார். உங்களுக்காகப் பூட்டினார்.

கை சும்மா இருக்காத மனிதர். கராஜ் இல்லையென்றதும், கதிரவேலு அண்ணையின் இறைப்பு மெசின் கிளம்பவில்லை என்று தோட்டத்துக்குப் போனார். அங்கேதான் பிளேன் வந்தது. அங்கேதான் குண்டு விழுந்தது. கதிரவேலு அண்ணை காலில் கட்டோடு அதோ வாங்கில் இருக்கிறார். கேளுங்கள் அவரிடம். அந்தத் தோட்டத் தறையில் ஜீப் நின்றதா? லொறி நின்றதா? வெங்காயம் நின்றது. வெங்காயமும் பச்சைதான். வெங்காயமும் ஆமியில் சேர்ந்துவிட்டதா?

நீங்கள் சொல்லுங்கள். குண்டு விழுந்த நேரம் அருட்பிரகாசம் தன் கராஜில், நாங்கள் கல்லுடைத்த அந்தக் குழிக்குள் நின்றிருந்தால், இன்று இந்தக் கூட்டம் இருக்குமா?

ஏன் தலையைக் குனிகிறீர்கள்? நிமிர்ந்து பாருங்கள். பூட்டச் சொன்னது நீங்கள், ஓம். ஆனால் குண்டு போட்டது நீங்கள் இல்லை. போட்டவனின் பழியை நீங்கள் ஏன் சுமக்கவேண்டும்? நான் உங்களைச் சுமக்கவிடமாட்டேன். ஆனால் கேளுங்கள், அந்தப் பழியை என் மனிதரின் வாகனத்தின்மேல் ஏற்றிவிட்டு நீங்கள் நிம்மதியாகப் படுக்கவும் விடமாட்டேன்.

இனி விழாதா என்று கேட்பீர்கள். விழலாம். கோயிலிலும் விழுந்தது, பள்ளிக்கூடத்திலும் விழுந்தது. கோயிலைப் பிரித்தோமா? பள்ளிக்கூடத்தைப் பிரித்தோமா? மேலே பிளேனில் இருப்பவன் எங்களிடம் ஒன்றும் இருக்கக்கூடாது என்று நினைக்கிறான். சனிக்கிழமை நாங்களே பிரித்துக் கொடுத்தால் அவனுக்குக் குண்டும் மிச்சம்.

அத்தான், நீங்கள் எனக்குத் தகப்பன் மாதிரி. நீங்களும் மாஸ்டரும் கதைத்து நாள் குறித்துவிட்டீர்கள். வளவு யாருடையது என்று யோசித்தீர்களா? அது உங்கள் தம்பியின் வளவு இல்லை. என் தாய் இரத்தினம்மா எனக்குச் சீதனமாகத் தந்த வளவு. அவருக்கு அது தெரியும். குழி வெட்டுவதற்கு முதல்நாள், அலவாங்கை வேலியில் சாத்திவிட்டு என்னிடம் வந்து, "பூரணம், உன்ரை காணியிலை ஒரு குழி வெட்டட்டோ?" என்று கேட்டார். நான் "வெட்டுங்கோ" என்ற பிறகுதான் வெட்டினார். புருஷன் கேட்டு வெட்டிய குழியை, காணிக்காரியிடம் ஒரு வார்த்தை கேளாமல் புருஷனின் தமையன் தூர்ப்பாரோ? தேசவழமைச் சட்டம் தெரிந்த பெரியவர்கள் நிறையப்பேர் இருக்கிறீர்கள். நீங்களே சொல்லுங்கள். நான் சம்மதிக்கவில்லை. சம்மதிக்கமாட்டேன்.

லொறியின் எஞ்சின் கழற்றிய துண்டுதுண்டாக மேசையில் இருக்கிறது. எல்லாத் துண்டும் மண்ணெண்ணெயில் கழுவி வைத்தது நான். பூட்ட எனக்குத் தெரியாது. யாகப்பு அண்ணைக்குத் தெரியும். யாகப்பு அண்ணை, வருவீர்களோ? தலையாட்டினால் போதாது, இந்தச் சபை கேட்கச் சொல்லுங்கள்.

"வருவன் பிள்ளை. துருத்தி நீதான் இழுக்கவேணும்" என்கிறார். இழுப்பேன். அந்த லொறி எழும்பும், பச்சையாகவே எழும்பும், இந்த ஊரின் வருத்தக்காரரை ஏற்றும். இது அருட்பிரகாசத்தின் மனைவி அவருடைய பெயரைச் சொல்லி இந்தச் சபைக்குத் தருகிற வாக்கு. நாளைக் காலமை கராஜ் திறக்கும்.

குறித்த நாளை மாற்றவேண்டாம். சனிக்கிழமை எல்லோரும் வாருங்கள், கத்தியும் ஏணியும் கொண்டு வாருங்கள். மாரி வருகிறது, அந்தக் கூரையில் பழைய கிடுகு உக்கிப்போய்விட்டது, அதை எப்படியும் பிரிக்கத்தான் வேண்டும். செத்தவீட்டுத் துடக்குக் காலம் முழுவதும் இருந்து புதுக் கிடுகு பின்னி வேலியோரம் அடுக்கி வைத்திருக்கிறேன். ஒரு பானை கூழும் காய்ச்சி வைப்பேன். பிரித்த ஆட்களே ஏறி வேயவேண்டும். வேய்ந்து முடியும்வரை ஒருவருக்கும் நான் படலை திறந்துவிடமாட்டேன்.