அவர் கையெழுத்துப் போடாத தொட்டி

இந்த இரங்கல் கூட்டத்தில் மேடையில் நாற்காலி கிடைத்தவர்களுக்கும், கிடைக்காததால் முகம் சுளித்து நிற்பவர்களுக்கும் வணக்கம். முன்வரிசையில் இருக்கும் அவருடைய மனைவிக்கும் மகளுக்கும் என் வணக்கத்தைத் தனியாகச் சொல்கிறேன். அதை மற்றவர்களுடையதோடு கலக்க எனக்கு விருப்பமில்லை.

எனக்கு முன் ஆறு பேர் பேசினீர்கள். ஆறு பேரும் "ஈடு செய்ய முடியாத இழப்பு" என்றீர்கள். ஈடு செய்ய முடியாதவரையா எட்டு வருடம் பிளீச்சிங் பவுடர் கிடங்கில் உட்கார வைத்தீர்கள்?

அவர் நம் குடிநீர் வாரியத்தின் நீர்ப் பரிசோதகர். நீங்கள் அவரை 'மூக்கு' என்று கூப்பிட்டீர்கள். தலைமை வேதியியலராக இருந்த நானும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

தினமும் காலையில் முதல் மாதிரியைக் கண்ணாடித் தம்ளரில் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்து, முகர்ந்து, குடித்துவிட்டுத்தான் மற்ற சோதனைகளைத் தொடங்குவார். கருவிகள் இருக்கும்போது இது எதற்கு என்று ஒருமுறை கடிந்துகொண்டேன்.

"ஊருக்குக் குடுக்கறத முதல்ல நான் குடிக்கணும்ல மேடம்? அதோட, பூவுக்கும் மண்ணுக்கும் வாசனை வெச்ச கடவுள் இதுக்கு மட்டும் ஒண்ணும் வெக்கல, பாத்தீங்களா? நாம என்னத்தக் கலந்தாலும் காட்டிக் குடுத்துடும்."

கன்னியாஸ்திரீகளிடம் பன்னிரண்டு வருடம் படித்தவள் நான். படைப்பின் மகிமை என்று அவர்கள் மலையைக் காட்டினார்கள், கடலைக் காட்டினார்கள். ஒரு தம்ளர் தண்ணீரைக் காட்டியவர் இவர்தான். நிறமில்லை, மணமில்லை, தனக்கென்று ஒரு வடிவமும் இல்லை. அது இல்லாமல் ஓர் உயிரும் இல்லை. இவ்வளவு பெரிய வேலையைச் செய்துவிட்டுத் தன் பெயரை எங்கும் எழுதிக்கொள்ளாத கடவுளை நான் அதில்தான் கண்டேன். நம் வாரியம் ஓர் அடிபம்பு போட்டால்கூடக் கல்வெட்டில் பதினொரு பெயர்கள் இருக்கின்றன.

எட்டு வருடங்களுக்கு முன், கீழ்த்தெரு வரைக்கும் தண்ணீர் கொடுக்கக் கட்டிய மேட்டுத் தொட்டியின் திறப்பு விழா அன்று காலை, அவர் மாதிரியை முகர்ந்தார். குடிக்கவில்லை.

"சாக்கடை வாடை அடிக்குது சார். குழாய் சாக்கடைய ஒட்டித்தான் போகுது, எங்கயோ உள்ள இழுக்குது. கிருமி இருக்கான்னு பாக்க ஒரு நாள் குடுங்க."

"யோவ் மூக்கு, பத்து மணிக்கு ரிப்பன் வெட்டறாங்க. உனக்கு ஜலதோஷம்னு நெனச்சுக்கிட்டுக் கையெழுத்தப் போடு" என்றார் பொறியாளர்.

"நீங்க ஒரு தம்ளர் குடிங்க சார். உடனே போட்டுடறேன்."

பொறியாளர் குடிக்கவில்லை. இவர் கையெழுத்துப் போடவில்லை. ஆனாலும் பத்து மணிக்கு ரிப்பன் வெட்டப்பட்டது. தண்ணீர் குடிக்க நல்லது என்ற சான்றிதழ் எங்கிருந்து வந்தது என்று உங்களில் ஒருவராவது கேட்டீர்களா? அதில் கையெழுத்தை நான் போட்டேன். ஓய்வு பெற நான்கு மாதம் இருந்தது. வம்பு வேண்டாம் என்று நினைத்தேன்.

அப்போது உயிரோடிருந்த என் கணவர் வீட்டில் கேட்டார்: "புதுத் தொட்டித் தண்ணி எப்படி, நல்லாருக்கா?"

"நல்லாருக்கு" என்றேன். மறுநாளிலிருந்து அவருக்குக் கொதிக்க வைத்த தண்ணீரைத்தான் கொடுத்தேன்.

கீழ்த்தெருவுக்கு யார் கொதிக்க வைத்துக் கொடுத்தார்கள்? ஒரு வாரம் வாந்தி, பேதி. யாரும் சாகவில்லை, அது நம் சாமர்த்தியம் இல்லை. பிறகு குளோரினை அள்ளிக் கொட்டினோம். வாடை அடங்கியது. குழாய் இன்றும் சாக்கடையை ஒட்டியே கிடக்கிறது. இடம் மாறியது குழாய் இல்லை, பரிசோதகர்தான்.

சற்று முன் வாரியத் தலைவர் பெரிய மனதோடு ஓர் அறிவிப்புச் செய்தார். மேட்டுத் தொட்டிக்கு நம் பரிசோதகருடைய பெயரை வைக்கப் போகிறார்களாம். எல்லோரும் கைதட்டினீர்கள். அவருடைய மனைவி தட்டவில்லை.

தலைவர் அவர்களே, அந்தத் தொட்டிக்காகத் தன் பெயரை எழுத அவர் மறுத்தார். கிடங்குக்குத் தள்ளிய பிறகும் மறுத்தார். செத்த மனிதரின் கையைப் பிடித்து எழுத வைக்கப் பார்க்கிறீர்களா?

நான் கொடுத்த சான்று பொய் என்று எழுதிக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன். வாங்கிக்கொள்ளுங்கள். என்மேல் என்ன நடவடிக்கை எடுப்பீர்களோ, எடுங்கள். குழாயை இடம் மாற்றும்வரை ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலை ஏழு மணிக்கு நான் அந்தத் தொட்டிக்கு வருவேன். மாதிரி எடுத்து வெளி ஆய்வகத்தில் கொடுப்பேன். முடிவைக் கீழ்த்தெருவில் வீடு வீடாகப் போய்ச் சொல்வேன். அவர் விட்ட வேலையை நான் செய்கிறேன் என்று பெருமை பேசமாட்டேன். நான் செய்யாமல் விட்ட வேலை அது.

அதுவரை பெயர்ப்பலகை இல்லாமல் உங்களுக்கு இருப்புக்கொள்ளாது என்றால், என் பெயரை எழுதி மாட்டுங்கள். கையெழுத்து என்னுடையது.